ஐந்தாவது காசு

உருக்கவே கூடாதென்று
பதினோரு வருஷம் சண்டை போட்டார் செர் பாவ்.
பழைய பிரெஞ்சு வெள்ளி, அப்படியே கிடக்கட்டுமாம்.
மகளுக்குக் கழுத்து வளையம் வேண்டாமா என்றால்
அடுப்பைக் கிளறுவார்.

போன்சவான் சந்தையில்
செம்பட்டை மட்டக்குதிரையை விற்று வாங்கிய ஏழு காசு.
என்னை எவனும் ஏமாற்றியதில்லை என்பார்.
குடித்தால் இரண்டு முறை.

இன்று தட்டான் நியா
ஒவ்வொன்றாய்க் கல்லில் போட்டான்.
கணீர். கணீர். கணீர். கணீர்.
ஐந்தாவது
ஈரப் பலகையில் விழுந்ததுபோல்
தொப்.

தட்டான் என்னைப் பார்த்தான்.
செர் பாவ் கூரையைப் பார்த்தார்.

எடுத்து
இடுப்புத் துணியில் முடிந்துகொண்டேன்.
"இது இருக்கட்டும் நியா.
ஒன்றையாவது வைத்துக்கொள்ளணும்னு
அவருக்கு ஆசை."

வளையம்
கொஞ்சம் மெல்லியதாகத்தான் வரும்.