ஓடக் கூடாது

ரொசாரியோவில் நவம்பர் ஞாயிறு.
பெயர் ஓட்டப்பந்தயம், ஆனால் ஓடக் கூடாது;
ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்.
தட்டில் ஒரு பாட்டில், இரண்டு டம்ளர்,
விளிம்பு வரை தண்ணீர்.
தூக்க ஒரே கை. மற்றது முதுகுக்குப் பின்னால்,
கடன் சீட்டை மறைப்பது போல.

அறுபத்து மூன்று பேர். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை.
எங்கள் காபிக்கடையிலிருந்து நெலிதா சக்கோனே,
எண் நாற்பத்தொன்று.
நான் அங்கே பாத்திரம் கழுவுகிறவன்.
அவள் கைப்பை என் தோளில்.
அவள் மேல் நான் கட்டிய பணம்
ரொட்டி போடுகிறவன் பையில்.

விசில்.
வெயில் அத்தனை கண்ணாடியிலும் ஏறி உட்கார்ந்து
கூடவே புறப்பட்டது.
இரவெல்லாம் உதிர்ந்த ஜகரண்டாப் பூ
தார்ச்சாலையில் நசுங்கி வழுக்குகிறது.
முதல் வளைவிலேயே ஒரு ஹோட்டல் பையன் விழுந்தான்;
அவன் பாட்டில் மட்டும் உருண்டு
பத்தடி தனியே பந்தயம் போனது.

நெலிதா நடக்கிறாள்.
இடுப்புக்குக் கீழே அவசரம்,
இடுப்புக்கு மேலே ஆஸ்பத்திரி.
மூன்றாவது. இரண்டாவது.
மருந்துக்கடை முனையில் முதலாவது!
கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் நடைபாதை மேசையில்
பழுப்புக் கோட்டுக்காரர் ஒருவர்
ஈ விரட்டவோ, சோம்பல் முறிக்கவோ,
கையைத் தூக்கினார். ஒரு விரல் நீட்டி.

நின்றுவிட்டாள்.

பத்தொன்பது வருஷத்துக் கால்,
அவளைக் கேட்காமல் நின்றது.
தலை திரும்பியது. முதுகு அரை அங்குலம் குனிந்தது.
"இதோ வந்துட்டேன் ஐயா" என்று
வாய் சொல்லியும் விட்டது.
பதினான்கு பேர் தாண்டிப் போனார்கள்.
கோட்டுக்காரர் பதறிப்போய்
விரலை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முடிவுக் கோட்டில் நடுவர்
அளவுகோல் வைத்துத் தண்ணீரைப் பார்த்தார்.
ஒரு சொட்டுக் குறையவில்லை என்றார்.
அதற்குப் பரிசு எதுவும் இல்லை.
இரண்டு டம்ளரையும் அவளே குடித்தாள்.
கைப்பையை வாங்கிக்கொண்டு,
"பணம் போச்சா?"
"போச்சு."
சிரித்தோமா என்று நினைவில்லை.

மாலை ஷிப்டு. அடுக்களைச் சன்னல் வழியே பார்க்கிறேன்:
ஆறாம் மேசையில் ஒரு கை எழுந்தது.
நெலிதா பார்த்தாள். பார்த்தது எனக்குத் தெரியும்.
ஈரக் கரண்டிகளைத் துடைக்கத் தொடங்கினாள்,
ஒவ்வொன்றாக, காம்பிலிருந்து குழி வரை.
நான் குழாயை மூடிவிட்டு எண்ணினேன்.
ஐந்து. ஆறு. ஏழு.
கை இன்னும் மேலேயே இருந்தது.