பதினெட்டு மில்லிமீட்டர்

"லேமினேட் எப்ப ஒட்டுவாங்க?"
என்று கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் வருகிறார்கள்,
செருப்பைக் கழற்றும் முன்பே.

முப்பத்தைந்து முடிந்த மறுமாதம் விண்ணப்பித்து
நான்காண்டு காத்துக் கிடைத்தது
தெங்காவில், பதினோராம் மாடியில்
வீவக ஈரறை வீடு.
கடன் பத்திரத்தில் ஒரே கையெழுத்து.

குத்தகைக்காரர் திரு கோ மூன்று முறை கேட்டார்.
நான்காம் முறை எழுதித் தரச் சொன்னார்:
"வாடிக்கையாளரின் சொந்த விருப்பப்படி
பலகை மூடாமல் விடப்படுகிறது.
கறை, வீக்கம், உறவினர் பேச்சு
எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல."
உறவினர் பேச்சு நான் சேர்த்தது.
அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.
"இது உள்ளே இருக்கிற சாமான், மிஸ்.
உள்ளே இருக்கிறது உள்ளேதான் இருக்கணும் லா."

பாசிர் பாஞ்சாங்கில் சரக்குக் கணக்குப் பார்ப்பவள் நான்.
பிளைவுட்டைப் பெட்டியாகத்தான் தெரியும்:
கவிழ்ந்த கோப்பைப் படம், மேல்நோக்கிய அம்பு,
பிளந்த மூலையில் ஆணி.
உள்ளே வந்த பளிங்கும் சரவிளக்கும்
யார் யார் வீட்டுக்கோ போய்விட
பலகை மட்டும் கிடங்கு வாசலில்
மழை குடித்துக்கொண்டு நிற்கும்.
பரிதாபப்பட்டு வாங்கினேன் என்று நினைக்க வேண்டாம்.
இது பிர்ச். விலை கூட.
எனக்கு அதன் ஓரம் பிடித்திருந்தது,
அவ்வளவுதான்.

சுங்கை காடுட் பட்டறையில்
அறுத்த வாயைக் காட்டினார் ரஃபிக்குல்.
பதின்மூன்று தாள்.
ஒன்று நெடுக்கே படுத்தால் அடுத்தது குறுக்கே.
வெளிர், கருப்பு, வெளிர், கருப்பு,
முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கிய
புத்தகங்கள் மாதிரி.

ஓரிடத்தில் நகக்கண் அளவு பொந்து.
மரத்தூளும் பசையும் குழைத்து
அடைக்கப் போனார்.
"இருக்கட்டும்" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"எறும்பு" என்றார்,
அந்த ஒரு சொல்லைத் தமிழில், எங்கே கற்றாரோ.
அடைத்தோம்.

அலமாரிக் கதவு ஒன்றின் உட்புறம்
ஆலை குத்திய சிவப்பு முத்திரை, பாதி.
மறுபாதி
சமையலறையில் எந்த இழுப்பறைக்குள் போனதோ,
இன்றுவரை தேடவில்லை.

புதுமனை அன்று சுகிர்தா அத்தை
கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்,
முலாம்பழம் வாங்குகிறவர் போல.
"எப்பத்தான் முடியும்?"
"முடிஞ்சிடுச்சு அத்தை."
"நான் வீட்டைக் கேக்கலை" என்றார்.
மடியில் கேசரித் தட்டோடு
எல்லோரும் ஒரே நேரத்தில்
கேசரியைப் பார்த்தார்கள்.
யாரோ முந்திரி நல்லா இருக்கு என்றார்கள்.

டிசம்பரில் பதினோரு நாள் விடாத மழை.
துணி அலமாரிக் கதவு ஊதிப்போய்
மூட மறுத்தது.
படமெடுத்துத் திரு கோவுக்கு அனுப்பினேன்.
நான் எழுதிக் கொடுத்த தாளைப் படமெடுத்து
அவர் திருப்பி அனுப்பினார்.
ஆனாலும் செவ்வாயன்று ரஃபிக்குல் வந்தார்.
கீல் கழற்றி, கதவைக் கிடத்தி,
இழைப்புளியால் மூன்றே இழுப்பு.
சுருள் ஒன்றைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்,
எதிர் புளோக்கின் தாழ்வார விளக்கு
அதன் வழியே தெரிந்தது.
ஐம்பது வெள்ளி பில் வந்தது. கட்டினேன்.

இப்போது கதவு மூடுகிறது.
மூடும்போது ஒரு சின்ன முனகல்,
யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடலாம்.
யாருமில்லை.

மேசையில் கோப்பி ஓ வட்டம் ஒன்று விழுந்தது.
தேய்த்தேன், எண்ணெய் போட்டேன்,
போகிற மாதிரி இருந்து போகவில்லை.
இரண்டாவது வட்டம் அதை வெட்டிக்கொண்டு விழுந்ததும்
விட்டுவிட்டேன்.

நேற்றுப் பொட்டலம் கொண்டுவந்த பையன்
வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தான்.
சுவர், மேசை, அலமாரி எல்லாம்
அவன் கையில் இருந்ததன் நிறத்திலேயே.
"இன்னும் பிரிக்கலையா அக்கா?"

"பிரிச்சதுதான் தம்பி" என்று சொல்லி
அவன் நீட்டிய திரையில்
விரலால் கையெழுத்துப் போட்டேன்.