இரண்டு இடது கைகள்

அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயதில் கல்யாணம்.
மூன்றாவது.
வெள்ளை வேண்டாம் என்கிறாள்,
இரண்டு முறை உடுத்திப் பார்த்தாயிற்றாம்,
வெள்ளைக்கும் சாயம் போகும் என்று
அப்போதுதான் தெரிந்ததாம்.

கத்தரிப்பூ நிறத்தில் மூன்று மீட்டர்
ரூஸே சந்தையின் பின்வரிசையில் கிடைத்தது.
யாருக்கு என்றாள் கடைக்காரி.
சொன்னதும் கத்தரியை நகர்த்தி
ஒரு சாண் கூடவே விட்டாள்.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறவள்.
ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீடு.
ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலில் ஏறும்
தரையின் குளிர்ச்சி, ஒரு நிமிடம்.
அதை யாருக்கும் தர மாட்டேன்.

இடுப்பில் நாடாவைச் சுற்றுகிறேன்.
அம்மாவிடம் சோப்பும் வெந்தயமும் கலந்த வாசனை.
கடைசியாக எப்போது
இவளை இப்படிக் கைக்குள் வைத்திருந்தேன்?
"மூச்சைப் பிடிக்காதே."
"பிடிக்கவில்லை."
நான்கு சென்டிமீட்டர் பொய்.
கூட்டி எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர்.
கீழ்வீட்டு பால்கனியில் ஸ்டான்கா
சிவப்புக் குடைமிளகாய் சுடுகிறாள்.
தெரு முழுக்கக் கருகும் தோலின் மணம்.
ஒன்றைக் காகிதத்தில் சுற்றி
கூடையில் வைத்துக் கயிற்றில் ஏற்றச் சொன்னாள்.
உப்பு தொட்டுத் தின்றேன், சாறு மணிக்கட்டில் வழிய.
எண்ணெய்க் கை. துணியைத் தொட முடியாது.
தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
வேலை கெட்டதில் ஒரு வருத்தமும் இல்லாமல்.

பிறகு கத்தரி.
மேசைமேல் துணி வாய் திறக்கும் அந்தக் கறுக் கறுக்.
பக்கவாட்டுத் தையலின் கடைசி அங்குலத்தில்
பாபின் நூல் தீர்ந்தது.
முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை, சரியாக அங்கே.
டிப்போவில் சொன்னால் சிரிப்பார்கள்.
நான் எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டேன்.

இரவு பதினொன்றுக்குத்தான் தெரிந்தது.
மடிப்பை மாற்றிப் போட்டு வெட்டியிருக்கிறேன்.
இரண்டுமே இடது கை.
ஒரு சாண் துணி மிச்சம்.
கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டது.
கல்யாணம் சனிக்கிழமை.

அம்மா இரண்டு கைகளையும்
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
"கல்யாண விஷயத்தில்
எனக்கு எல்லாமே இடதுகைதான்."
சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றாள்.
மேல்கைச் சதையை ஆட்டிக் காட்டினாள்,
அது நின்ற பிறகும் ஆடியது.
"இது வெயில் பார்த்து இருபது வருஷம்.
கை வேண்டாம். பை வை.
ஆழமாக."

வைத்தேன். இரண்டு இடது கைகளிலிருந்து
இரண்டு பைகள். அவை மட்டும் சரியாக அமைந்தன.

கடைசியாகக் கீழ்மடிப்பு.
நாற்காலிமேல் நிற்கிறாள், என் வாயில் குண்டூசிகள்.
"இரண்டு விரல் ஏற்று."
"அவ்வளவு ஏற்றினால் முழங்கால் தெரியும்."
"தெரியட்டும். முதலில் மிதிக்கிறவள் வீட்டை ஆள்வாள்.
கடந்த இரண்டு முறையும் பாவாடை தடுக்கிற்று."

நகர மண்டபத்தில் அதிகாரி வாசித்துக்கொண்டிருந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய லாச்செஸார்
புது ஷூவில் விறைத்து நின்றார்.
அம்மா பைக்குள் கைவிட்டு
சூரியகாந்தி விதை ஒன்றை வாயில் போட்டாள்,
யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்.
பிறகு குதிகாலைத் தூக்கி

வைத்தாள்.

அவர் வாய்விட்டு "அய்யோ" என்றார்.
அதிகாரிக்கு வரி தப்பிப்போனது.
டான்யூப் பக்க ஜன்னல் வழியே வந்த வெயில்
அம்மாவின் தோள்வரை ஏறியிருந்தது.
எல்லோரும் காலைப் பார்த்துச் சிரிக்க
மூன்றாம் வரிசையிலிருந்து நான்
அவள் முதுகு ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கழுத்திலிருந்து இடுப்புவரை
ஒரு சுருக்கம் இல்லை.