இடது விங்

நரிமேட்டில் பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாள்
கலையரங்கச் சாவி எங்கள் கைக்கு வரும்.
ஐந்து வாரம், நான்கு நாடகம்.
செவ்வாய் ராஜா, புதன் கைதி,
வியாழன் பிணம், வெள்ளி மாப்பிள்ளை.
எல்லாம் ஒரே திருமேனிநாதன்தான்.
சனி ஞாயிறு எது என்பது
டிக்கெட் எதற்குப் போனது என்பதைப் பொறுத்தது.

கதவும் ஒன்றுதான்.
அரண்மனைக்குத் தங்கத் தாள்,
கோர்ட்டுக்குப் பழுப்புத் தாள்,
கல்யாண வீட்டுக்கு மாவிலைத் தோரணம்.
பிணவறைக்கு மட்டும் எதுவும் வேண்டாம்,
சும்மா விட்டாலே அது பிணவறைக் கதவு.

என் இடம் இடது விங்.
கறுப்புப் படுதாவுக்கும் உடைந்த பெஞ்சுகளுக்கும் நடுவே
இரண்டடிச் சந்து.
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைப் பல்லில் கவ்வியிருப்பேன்,
இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே.
நான்கு நாடகத்தையும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன்.
எனக்குத் தெரிந்த ராஜாவுக்கு ஒரு காதுதான்.

ராஜாவின் ரத்தம்
நன்னாரி சர்பத்தில் குங்குமம் குழைத்தது.
முதல் செவ்வாயே எறும்பு வந்துவிட்டது.
செத்தவர் சொறியக்கூடாது.
ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து
இருட்டில் என்னைத் தேடினார்.
நான் டார்ச்சை அணைத்துக்கொண்டேன்.
அடுத்த வாரம் வேப்பெண்ணெய் கலந்தேன்.
வாயில் ரத்தம் கக்கிச் சாகிற காட்சி அது.
துப்பித் துப்பிச் செத்தார்.
அப்படியொரு கைதட்டல் சீசனிலேயே இல்லை.

மூன்றாம் செவ்வாய் கோடை மழை.
தகரத்தை உலுக்க நான் கை வைக்கும் முன்னே
கூரைக்கு மேல் இடித்தது, நிஜமாகவே.
"இடி மூணு வரி முன்னாடி வந்துருச்சு,
தூங்கிட்டியாம்மா?" என்றார் செபஸ்தியான் சார்.
சாரி சார் என்றேன்.
மழைக்கும் சேர்த்துத்தான்.

புதன்கிழமை ரோஸ்லினுக்கு
முதல் காட்சியில் வேலைக்காரி, இரண்டாவதில் நீதிபதி.
நடுவே நாற்பது நொடி.
நான் பின்கொக்கியை மாட்ட, அவள் கழுத்துப்பட்டையைத் திணிக்க,
வழக்கமாக எண்ணிக்கொண்டே வருவாள்.
அன்று எண்ணவில்லை.
"நூத்தி ரெண்டுக்கா" என்றாள்,
"மத்தியானத்திலிருந்து இறங்கவே இல்ல."
போனை என் இடுப்பில் செருகிவிட்டு
வெளிச்சத்துக்குள் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாட்சி வந்தான், போனான்.
வக்கீல் இருமினார். அது நாடகத்தில் இல்லாத இருமல்.
ஃபேன் இல்லாத சந்தில்
என் இடுப்பு ஒருமுறை அதிர்ந்தது.
செல்லூரிலிருந்து, பக்கத்து வீட்டு ஜெய்னம்பு:
மருந்து குடுத்தாச்சு. 99.4. தூங்குறான்.

எப்படிச் சொல்வது?
சபைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கோர்ட்டே இருக்கிறது.
பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை,
ஆறாம் வகுப்பு ஆ பிரிவு,
பதிவு 43, வருகை 41 என்று
கடைசி நாள் யாரோ எழுதியது அழியாமல் இருந்தது.
அதன் கீழே 99.4 என்று பெரிதாக எழுதி
டார்ச் அடித்தேன்.

தீர்ப்பைப் படிக்கக் காகிதத்தைத் தூக்கியவள்
ஓரக்கண்ணால் இந்தப் பக்கம் பார்த்தாள்.
"சாகும்வரை தூக்கிலிட" என்றாள்.
அவ்வளவு சந்தோஷமாக அதை
எந்த நீதிபதியும் படித்திருக்க மாட்டார்.
கூண்டிலிருந்த திருமேனிநாதன்
அடுத்த வசனத்தை மறந்து நின்றார்.
"ஈவு இரக்கமே இல்லாத பொம்பள" என்று
முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.
செபஸ்தியான் சார் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார்.

திரை விழுந்ததும் அங்கியைக் கழற்றாமலே
ஆட்டோ ஏறிவிட்டாள் ரோஸ்லின்.
நாளைக்குப் பிணவறை.
நானும் பெரோஸ்கானும்
பழுப்புத் தாளைக் கிழியாமல் உரித்தோம்,
அடுத்த புதனுக்கும் வேண்டும்.
கொஞ்சம் கிழிந்துவிட்டது.