ஒன்றுமில்லை

ஜூலை. டூங்காபியில் ராத்திரி நாலு டிகிரி.
வெயிலுக்கென்றே கட்டிய வீடுகள் இவை,
குளிர் கதவைத் தட்டுவதில்லை.
ஹீட்டரின் சிவந்த கம்பிகளுக்கு முன்னால்
இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் நன்முகை,
யாரோ போனில் காத்திருக்கச் சொன்ன மாதிரி.

வைரஸாக இருக்கும் என்றார் டாக்டர்.
இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்.
பார்த்ததற்கு எண்பது டாலர் வாங்கிக்கொண்டு
எங்களையும் பார்க்கச் சொன்னார்.

பார்த்தோம்.
சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கென்று
உலகம் என்னென்னவோ செய்து வைத்திருக்கிறது.
கெமிஸ்ட் கடையில் பூட்டிய அலமாரிக்குள் மனுகா தேன்,
என் இரண்டு மணி நேரச் சம்பளம்.
வறுத்த ஓமம் முடிந்த கைக்குட்டை.
பால்கனித் தொட்டியில் உறைபனி கருக்கியது போக
மூன்றே மூன்று கற்பூரவல்லி இலை.
அப்புறம் க்ரெஷ் வாசலில் ஜெசிந்தா
என் கோட்டுப் பைக்குள் திணித்த நீல மூடிக் குப்பி:
பல்சட்டில்லா முப்பது.
"நாலு உருண்டை, நாலு மணிக்கு ஒருக்கா.
கைபடக் கூடாது, மூடியில தட்டி வாயில போடு.
வீட்ல வெங்காயம் வேணாம்."

தேன் இவளுக்கு மட்டும்.
சின்னவனுக்கு எட்டு மாதம்.
ஒரு வயது வரை தேன் கூடாதென்று
நர்ஸ் இரண்டு முறை அடிக்கோடிட்ட காகிதம்
இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.
என் விரலைச் சப்ப வாயைக் கொண்டுவந்தான்.
கழுவினேன். சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன்.
எனக்குப் பிறந்த அன்றைக்கே நாக்கில் தடவினார்களாம்,
ஒன்றும் ஆகவில்லையாம்.
ஆகாதவர்கள்தானே சொல்ல மிஞ்சுவார்கள்.

ஒன்று நாற்பதுக்கு விழித்தால்
குப்பி தரையில் காலி.
"இனிச்சுது" என்றாள்.
எத்தனை தின்றாய்?
"எல்லாம் இனிச்சுது."

சேந்தன் விஷத் தகவல் எண்ணை அழைத்தான்.
பி ஃபார் பெங்குவின், யு ஃபார் அம்ப்ரெல்லா என்று
எழுத்தெழுத்தாக ஒப்பித்தான்.
எடை பதினாறு கிலோ. உருண்டை இருநூறு இருக்கும்.
அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்.
நான் அவள் நெஞ்சில் கை வைத்து
என் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அதில் ஒன்றுமில்லை" என்றாள் அந்தப் பெண்,
"வெறும் சர்க்கரை. பல் தேய்த்துப் படுக்க வையுங்கள்."

சேந்தன் சிரித்துவிட்டான். நானும்தான்.
அவன் நிறுத்திய பிறகு எனக்கு அழுகை வந்தது.
அலாரம் வைத்துப் பன்னிரண்டு தடவை எழுந்திருக்கிறேன்.
ஒரு உருண்டையிலும் விரல் பட்டதில்லை.
வெங்காயமில்லாத சாம்பாரை
இரண்டு நாளாய் வாய் திறக்காமல் தின்றிருக்கிறான் அவன்.
எல்லாம் ஒன்றுமில்லைக்காக.

அவள் மறுபடி காதைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.
மடியில் போட்டுக்கொண்டேன்.
முதுகில் தட்டத் தட்ட
வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது:
ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
அளவுக்கு மேல் போனால்
எந்த எண்ணைக் கூப்பிடுவது?

விடியலில் தலையணையில் மஞ்சள் கறை.
காது உடைந்து வலி விட்டுப் போயிருந்தது.
காலுதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
வெளியே மாக்பைகள்
பாட்டில் வாயில் ஊதுவதுபோல் கத்தின.
டாக்டர் இந்த முறை எழுதிக் கொடுத்தார்:
ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய, குலுக்க வேண்டிய ஏதோ ஒன்று,
வாழைப்பழ எசென்ஸ் வாசனை.
துப்பினாள். பிடித்து ஊற்றினோம்.
"ஜெசிந்தா ஆன்ட்டி மருந்துதான் நல்ல மருந்து."

வியாழக்கிழமை க்ரெஷ் வாசல்.
குப்பியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.
காலியா என்று ஆட்டிப் பார்த்தாள்,
முகமெல்லாம் சந்தோஷம்.
"கேட்டுச்சா?"

வலது காது கேக்குது என்றேன்.
இடதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம்.