மணலில் ஒத்திகை

ஜூஹுவில் ஞாயிறு, விடிந்தும் விடியாமலும்.
கடல் வற்றித் தொலைவில் கிடக்கிறது.
"திரும்பி நில், எட்டிப் பார்க்காதே" என்கிறாள் ஃபிரேனி.
நின்றேன். முதுகுக்குப் பின்னால்
மண் அள்ளும் சத்தம்.

குழிக்குள் போனது ஒரு பீக்கன்.
எவர்சில்வர் தூக்கு சமிக்ஞையை விழுங்கிவிடும்;
குல்ஃபி வந்த பிளாஸ்டிக் டப்பாதான் அதற்குச் சவப்பெட்டி.
இந்தச் சொல்லை அவளிடம் சொல்லவில்லை.

என் கையில் இன்னொரு பீக்கன். எண்கள் இறங்குகின்றன.
முப்பத்தெட்டு. இருபத்துநான்கு.
அம்பு இடப்பக்கம் வளைகிறது, நானும் வளைகிறேன்.
பதினொன்று.
இளநீர்க்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்:
"என்ன தொலைந்தது, தங்கமா?"
ஆள், என்றேன்.
அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

மூன்று. ஒன்று புள்ளி நான்கு.
மண்டியிட்டு, கம்பியை நீட்டிப் பூட்டிக் குத்துகிறேன்.
முதலில் சிக்கியது ஒற்றை ரப்பர் செருப்பு.
இரண்டு சாண் தள்ளி மறுபடி.
கம்பி நுனியில் மெத்தென்று ஒரு மறுப்பு.
"நாலு நிமிஷம் பத்து செகண்ட்" என்கிறாள்,
"இன்னும் தோண்டவே ஆரம்பிக்கலை."
பனிக்கடியில் முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான்
நம் பக்கம்.
டப்பா வெளியே வந்ததும் இளநீர்க்காரர்
மராத்தியில் திட்டினார். தகும்.
இரண்டு கையும் முழங்கைவரை மணல் அவருக்கு.

வார நாட்களில் செம்பூரில் பதினேழு மாடி,
முதுகில் இரண்டு பை கோதுமை மாவு, மூன்று பாட்டில் தண்ணீர்.
பதினொன்றாம் மாடி நாய் இப்போதெல்லாம் குரைப்பதில்லை.

சறுக்குக் கட்டையின் அடியில் ஒட்டும் ரோமப் பட்டைகள்
ஃப்ரிட்ஜில், தோசைமாவுக்கு மேல்தட்டில்.
போன வருடம் மும்பை மழை
அவற்றின் பசையில் பூஞ்சை வளர்த்துவிட்டது.
ஒரு பக்கம் தடவினால் வழுக்கும்,
எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும்.
மலையேற அதற்குத் தெரிந்த தந்திரம் அவ்வளவுதான்.

எங்கள் மொழியில் பனிக்கு ஒரே சொல்.
மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் பனி, ஆளை மூடுவதும் பனி.
அடுக்களையிடம் கடன் கேட்டேன்.
காலடியில் நொறுங்குவது அப்பளம்.
முழங்கால்வரை புதைந்தும் சிரிக்க வைப்பது இடியாப்ப மாவு.
காற்று ஒருபக்கமாய்க் கொண்டுவந்து அடைத்தது, ஆறிப்போன கேசரி:
பெயர்ந்தால் வில்லையாகவே பெயரும்.
எல்லாவற்றுக்கும் அடியில், குழி வெட்டினால் மட்டும் தெரிவது, சர்க்கரை.
சர்க்கரைமேல் கேசரி இருந்தால் அந்தச் சரிவில் கால் வைக்காதே.
இதை வழிகாட்டி கய்யூமிடம் இந்தியில் சொன்னபோது
அவர் சிரிக்கவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன பிப்ரவரி, குல்மார்குக்கு அப்பால்,
உச்சிக்கு இருநூறு மீட்டர் இருக்கையில்
காலடியில் மலை "ஊம்" என்றது.
கதை கேட்பவர் கொட்டும் ஊம் இல்லை.
ஃபிரேனி சொன்னாள்: எனக்கு வேண்டாம்.
எங்களுக்குள் ஒரே சட்டம், ஒருவர் சொன்னால் போதும்,
காரணம் கேட்கக்கூடாது.
மேகமில்லை, காற்றில்லை, உச்சி கைக்கெட்டும் தூரம்.
திரும்பினோம்,
வந்த தடத்திலேயே, இடைவெளி விட்டு, ஒவ்வொருவராக,
முப்பது பாகைக்குக் கீழே படுத்திருந்த பூர்ஜமரச் சரிவுக்கு.
அங்கே யாரும் தொடாத இடியாப்ப மாவு!
வளைவுக்கு வளைவு தொடை எரிய,
வாய் கொள்ளாத பனியோடு கத்தினேன், தமிழில்.
என்னவென்று எழுத மாட்டேன்.

அலுவலகத்தில் கேட்டார்கள், "அப்போ உச்சி தொடலையா?"
தொடலை.

இன்றிரவு பாந்திராவில் ரயில்.
ஃப்ரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டினேன்:
பாதை, கய்யூம் எண், மீட்புக் குழு எண்.
"தினமும் மாலை ஆறுக்குள் போன் செய்வேன்.
ஒன்பதுவரை பதற வேண்டாம்."
பட்டைகளை எடுக்க வந்தபோது பார்த்தேன்.
திருமாறன் ஒன்பதை அடித்துவிட்டுப்
பென்சிலில் எட்டரை என்று எழுதியிருக்கிறான்.