ரசீது இணைக்கப்படவில்லை

முப்பத்தொன்றாம் மாடியில்
மற்றவர்கள் செலவழித்த பணத்தைக்
கணினியில் தட்டுவது என் வேலை.
இயக்குநரின் பார்க்கிங், நாற்பத்திரண்டு வெள்ளி.
வாடிக்கையாளரோடு காப்பி, எழுபத்தாறு வெள்ளி ஐம்பது காசு.
டோல். டோல். டோல்.
அவர் கார் பகல் முழுக்க
பேஸ்மெண்டில் சும்மா நின்றதற்குக்
கம்பெனி காசு கொடுக்கிறது.
நான் மேலே
சும்மா நிற்கவில்லை.

"அனுபவம்தான் சம்பளம்" என்றார் மிஸ் கோ,
நேர்முகத்தேர்வில்.
தலையாட்டினேன்.
வயிறு நிறைந்திருந்த நாள் அது.

செந்தூலில் ஓர் அறை, நாலு பெண்கள்,
ஒரே ஜன்னல்; அதுவும்
பக்கத்து புளோக்கின் ஏர்கோன் முதுகைப் பார்த்தபடி.
வாடகை ஆளுக்கு இருநூற்றெண்பது.
என் பங்கு போன மாதத்திலிருந்து
ரெபெக்காவின் பொறுமையில் இருக்கிறது.
அவள் கேட்பதில்லை.
கேட்காமலிருப்பதைக்
கொஞ்சம் சத்தமாகச் செய்கிறாள்.

காலையில் கார்டைத் தட்டும்போது
கதவு திறப்பதற்குள்
மீதியைப் பார்த்துவிடப் பழகியிருக்கிறேன்.
ஐந்து வெள்ளிக்குக் கீழே போனால்
மஸ்ஜிட் ஜாமேக்கிலேயே இறங்கி
ஜாலான் அம்பாங் வழியே நடை.
மழை பிடித்தால்
யாருக்கோ காத்திருப்பவள்போல்
பேங்க் வாசலில் நிற்பேன்.
இந்த ஊரில் நடந்து போகிறவர்கள்
ஒன்று சுற்றுலாப் பயணி,
இல்லாவிட்டால் நான்.

கூட்டம் முடிந்த அறையில்
தட்டு எடுக்கப் போவதில் எனக்குத்தான் வேகம்.
கரிபாப் மூன்று.
டிஷ்யூவில் சுற்றும்போது
துப்புரவு வேலைக்குக் காக் சுமார்னி வந்துவிட்டார்.
இருவரும் ஒரே தட்டைப் பார்த்தோம்.
இரண்டை என் பக்கம் தள்ளினார்,
ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.
அவருக்குச் சம்பளம் உண்டு என்பது
லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை அப்பா அழைத்தார்,
பாகான் செராயிலிருந்து, லாரி எஞ்சினுக்கு மேலே கத்தி:
"பசியாறிட்டியா? சம்பளம் போட்டுட்டானுங்களா?"
"இன்னும் சிஸ்டத்துல ஏத்தலப்பா."
பொய் இல்லை.
சிஸ்டத்தில் ஏற்றுகிறவள் நான்தான்.

மாதக் கடைசி, இரவு எட்டரை.
எல்லாருடைய கிளெய்மும் முடிந்து
திரையில் ஒரு பாரம் காலியாக மிஞ்சியது.
தட்டினேன்.
பெயர்: சன்னாசி மகள் துர்காஷினி.
ரயில்: இருபத்திரண்டு நாள்.
மேகி: பதினெட்டு பாக்கெட், கோழி ருசி.
சப்பாத்து: இடது கால் மட்டும்.
"நான் சாப்பிட்டுட்டேன், நீங்க போங்க" என்று சொன்னது:
ஒன்பது முறை.
அதற்கு என்ன விலை போடுவதென்று தெரியாமல்
கர்சர் வெகுநேரம் மினுக்கிக்கொண்டிருந்தது.

அனுப்பும் எண்ணமில்லை.
அன்றைக்குத் தொண்ணூறு பாரம் அனுப்பிய விரல்
அதையும் அனுப்பிவிட்டது.

நாலு நிமிடத்தில் பதில்.
மிஸ் கோ இல்லை, மனிதர் யாருமில்லை:
நிராகரிக்கப்பட்டது. ரசீது இணைக்கப்படவில்லை.

முதலில் பயம் வந்தது.
பிறகு பசி வந்தது.
பிறகு, இதை எப்படிச் சொல்ல,
ஏதோ ஒன்று என்னைச் சரியாகக் கணக்குப் போடச் சொன்னதுபோல்
ஒரு சிலிர்ப்பு.

பையைக் கவிழ்த்தேன்.
மினிமார்க்கெட் துண்டுச் சீட்டுகள், மை மங்கியவை,
ஒவ்வொன்றையும் மேசைமேல் தேய்த்து நிமிர்த்தினேன்.
ஸ்கேனர் சூடாக இருந்தது.
சீட்டுகள் தீர்ந்ததும்
இடது சப்பாத்தைக் கழற்றி
கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தேன்.
வெளிச்சம் அடியைத் தடவிக்கொண்டே போய்
ஓட்டை வந்ததும்
உள்ளே ஏறி
கூரையில் ஒரு நொடி விழுந்தது,
அம்பது காசு அளவுக்கு.

இணைத்தேன்.
ஒற்றைச் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.
நாலு நிமிடம் ஆகட்டும்.